காது அடைச்சுக்கிட்டா குறும்பிதானா?

ஹெட்போன் மாட்டி இதைக் கேட்கிறவர்கள் முதலில் சத்தத்தை ரெண்டு புள்ளி குறைத்துக்கொள்ளுங்கள். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

இந்த எபிசோட் என் இடது காதைப் பற்றியது. போன வருஷம் ஒரு வியாழக்கிழமை காலையில் எழுந்தபோது ஃபேன் சத்தம் ஒரு பக்கம்தான் கேட்டது. தூக்கக் கலக்கம் என்று நினைத்தேன். ஆபீஸ் கிளம்பி ட்ரெய்னில் ஏறி இயர்பட்ஸ் மாட்டினால் இடது பக்கம் சத்தமே இல்லை. "போச்சுடா, வாங்கி மூணு மாசம்கூட ஆகலை" என்று முனகிக்கொண்டே இடதைக் கழற்றி வலது காதில் வைத்துப் பார்த்தேன். பாட்டு நன்றாகக் கேட்கிறது. கெட்டுப்போனது இயர்பட்ஸ் இல்லை, என் காது.

அப்போதாவது பயந்திருக்க வேண்டும் இல்லையா? பயப்படவில்லை. ஆபீஸில் பக்கத்து சீட் நண்பன், "குறும்பி அடைச்சிருக்கும் மச்சி, ஒரு பட்ஸ் வாங்கிக் குடை" என்றான். குடைந்தேன். ராத்திரி போனில் அம்மா, "நல்லெண்ணெயை லேசா சூடு பண்ணி ரெண்டு சொட்டு விடுடா" என்றார். விட்டேன். மூன்றாம் நாள் மருந்துக் கடையில் கேட்டு, குறும்பியை இளக்கும் சொட்டு மருந்து வாங்கினேன். "திங்கட்கிழமை டெமோ முடியட்டும், டாக்டரைப் பார்ப்போம்" என்று தள்ளிப்போட்டேன். ஆறாவது நாள், காதுக்குள் பழைய ஃப்ரிட்ஜ் ஓடுவது மாதிரி ஒரு இரைச்சல் ஆரம்பித்த பிறகுதான் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போனேன்.

அவர் விளக்குள்ள கருவியை வைத்து உள்ளே பார்த்துவிட்டுச் சொன்ன முதல் வாக்கியம்: "உங்க காதுல குறும்பியே இல்லையே."

குறும்பி அழுக்கு இல்லை

முதலில் குறும்பிக்கு நியாயம் செய்துவிடலாம். நாம் அதை "காது அழுக்கு" என்கிறோம். உண்மையில் காதுக்கு உடம்பே போட்டுக்கொள்ளும் பாதுகாப்பு அது. காதுத் துளையின் நீளம் சுமார் இரண்டரை சென்டிமீட்டர். அதில் வெளிப்பக்கத்து மூன்றில் ஒரு பங்கில்தான் குறும்பி சுரக்கும் சுரப்பிகள் இருக்கின்றன. அந்தப் பிசுபிசுப்பில் தூசியும் பூச்சியும் ஒட்டிக்கொள்ளும். அதன் லேசான அமிலத்தன்மை கிருமியையும் பூஞ்சையையும் வளரவிடாமல் தடுக்கும். தண்ணீர் பட்டாலும் தோல் ஊறிப்போகாது.

சிலருக்குக் குறும்பி பிசினாகவும், சிலருக்குக் காய்ந்த செதிலாகவும் வரும். இதைத் தீர்மானிப்பது ஒரே ஒரு மரபணு என்று 2006இல் ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடித்தார்கள். ஆகவே குறும்பியின் தோற்றத்துக்கும் சுத்தத்துக்கும் சம்பந்தம் இல்லை.

இன்னொரு ஆச்சரியம், காது தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளும். காதுத் துளையின் தோல் செவிப்பறையிலிருந்து வெளிப்பக்கமாக மெதுவாக நகர்ந்துகொண்டே இருக்கிறது, கிட்டத்தட்ட நகம் வளரும் வேகத்தில். நாம் மெல்லும்போதும் பேசும்போதும் தாடை அசைவது அதற்கு உதவுகிறது. பழைய குறும்பி வாசலுக்கு வந்து தானாகவே உதிர்ந்துவிடும். வாசலில் இருப்பதைத் துண்டின் நுனியால் துடைத்தால் போதும்.

பட்ஸ் போட்டால் என்ன ஆகும்? வெளியே வந்துகொண்டிருக்கும் குறும்பியை மறுபடியும் உள்ளே தள்ளி, செவிப்பறைப் பக்கம் இடித்து இறுக்குகிறோம். பஞ்சில் கொஞ்சம் மஞ்சளாக ஒட்டி வருவதைப் பார்த்துத் திருப்திப்படுகிறோம். மிச்சம் உள்ளே போய்விட்டது. பிளாஸ்டிக் குச்சி பட்ஸை இந்தியாவில் 2022 ஜூலை 1 முதல் தடை செய்துவிட்டார்கள், இப்போது கடையில் கிடைப்பது காகிதக் குச்சி. பூமிக்கு நல்லது. காதுக்கு ரெண்டும் ஒன்றுதான். ஹேர்பின், ஊக்கு, தீக்குச்சி, பைக் சாவி பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. பஸ்ஸில் குடைந்துகொண்டிருக்கும்போது டிரைவர் பிரேக் போட்டால் செவிப்பறையில் ஓட்டை விழும்.

ஒரு சின்ன சோதனை

மருத்துவர் ஒரு இசைக்கவையைத் தட்டி என் நெற்றி நடுவில் வைத்தார். "எந்தப் பக்கம் கேக்குது?" வலது பக்கம் என்றேன். அவர் முகம் கொஞ்சம் மாறியது.

ஏன் என்று புரிய, இப்போதே ஒன்று செய்து பாருங்கள். ஹெட்போனைக் கழற்றுங்கள். ஒரு காதை விரலால் அடைத்துக்கொண்டு, வாயை மூடி "ம்ம்ம்" என்று முனகுங்கள். சத்தம் எந்தக் காதில் அதிகம்? அடைத்த காதில், இல்லையா? நம் முனகல் மண்டை எலும்பு வழியாகக் காதுக்குப் போகிறது. துளை திறந்திருந்தால் அதில் கொஞ்சம் வெளியே கசிந்துவிடும். அடைத்தால் கசிய வழியில்லாமல் அந்தப் பக்கமே உரக்கக் கேட்கும்.

குறும்பி அடைத்தாலும் இதேதான் நடக்கும், முனகல் மந்தமான காதில் உரக்கக் கேட்கும். ஆனால் பிரச்சினை உள்காதிலோ நரம்பிலோ இருந்தால், எலும்பு வழியாக வரும் சத்தத்தையும் அந்தக் காதால் வாங்க முடியாது. முனகல் நல்ல காதுப் பக்கம் போய்விடும். இசைக்கவை எனக்குக் கேட்டதும் நல்ல காதில்தான்.

இது ஒரு துப்பு மட்டும்தான். முனகிப் பார்த்துவிட்டு, "அடைச்ச பக்கம் கேக்குது, அப்போ குறும்பிதான்" என்று வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள்.

திடீர்க் காது கேளாமை

அறைக்குள் உட்கார வைத்துக் கேட்கும் திறனை அளந்தார்கள். வந்த பெயர், திடீர் நரம்புவழிக் காது கேளாமை. மூன்று நாளுக்குள், அதாவது 72 மணி நேரத்துக்குள், கேட்கும் திறன் 30 டெசிபல் அல்லது அதற்கு மேல் விழுந்தால் அப்படிச் சொல்கிறார்கள். பெரும்பாலும் ஒரு காதில்தான் வரும். பலர் என்னைப் போலக் காலையில் எழுந்ததும்தான் கவனிக்கிறார்கள். இரைச்சலும் தலைசுற்றலும் கூடவே வரலாம். பெரும்பாலானவர்களுக்குக் காரணம் கடைசிவரை தெரிவதே இல்லை.

இதன் பெரிய சிக்கல், வலி இருக்காது. சீழ் வராது. காது "கும்"மென்று அடைத்த மாதிரி மட்டும் இருக்கும், குறும்பி அடைத்தது போலவே, சளி பிடித்தது போலவே. அதனால்தான் எல்லோரும் காத்திருக்கிறார்கள். ஆனால் இதற்கான முக்கிய மருந்தான ஸ்டீராய்டை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது. முதல் இரண்டு வாரத்துக்குள் தொடங்க வேண்டும் என்கிறார்கள், முதல் சில நாட்கள் என்றால் இன்னும் நல்லது.

எனக்கு மாத்திரை கொடுத்தார்கள். பிறகு செவிப்பறை வழியாக ஊசி. நரம்பில் கட்டி ஏதும் இல்லை என்று உறுதி செய்ய ஒரு எம்.ஆர்.ஐ. ஸ்கேன். இரண்டு மாதத்தில் ஏறக்குறைய பாதி கேட்கும் திறன் திரும்பியது. உயர்ந்த சுருதிகள் வரவில்லை. கூட்டத்தில் இடது பக்கம் நின்று யாராவது பேசினால், குரல் கேட்கும், வார்த்தை புரியாது. அந்த ஃப்ரிட்ஜ் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

"முதல் நாளே வந்திருந்தா முழுசா சரியாகியிருக்குமா டாக்டர்?" என்று கேட்டேன். அவர் நேர்மையாகப் பதில் சொன்னார். "அதை யாராலயும் சொல்ல முடியாது. சிலருக்கு மருந்து இல்லாமலே திரும்பும். சிலருக்கு அன்னைக்கே வந்தாலும் திரும்பாது. ஆனா வாய்ப்பு அதிகமா இருந்த நாட்கள்ல நீங்க எண்ணெய் விட்டுக்கிட்டு இருந்தீங்க."

அம்மாவிடம் இந்தக் கடைசி வாக்கியத்தை நான் சொல்லவே இல்லை. ஆறு நாள் தள்ளிப்போட்டது நான்தான்.

நிஜமாகவே குறும்பி அடைத்திருந்தால்?

பெரும்பாலும் அடைப்புக்குக் காரணம் குறும்பிதான், அதையும் சொல்லிவிட வேண்டும். மருத்துவர் பார்த்து உறுதி செய்தால், இளக்கும் சொட்டு மருந்தைச் சில நாள் விடச் சொல்வார். ஒருக்களித்துப் படுத்து, சொட்டு விட்டு, ஐந்து நிமிஷம் அப்படியே இருக்க வேண்டும். அதிலும் போகாவிட்டால் உறிஞ்சு கருவியாலோ, உடல் சூட்டில் இருக்கும் தண்ணீரைப் பீய்ச்சியோ எடுப்பார்கள். தண்ணீர் அதிகம் குளிர்ந்தாலோ சுட்டாலோ தலை சுற்றும், ஏனென்றால் நம் சமநிலை உறுப்பும் அங்கேயேதான் இருக்கிறது.

காதில் வலி, சீழ், ரத்தம் இருந்தாலோ, செவிப்பறையில் ஓட்டை இருந்தாலோ, முன்பு காது ஆபரேஷன் செய்திருந்தாலோ எந்தச் சொட்டும் சொந்தமாக விடக் கூடாது. பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெய் வேண்டாம், தோல் வெந்துபோகும். காதில் மெழுகுக் குழாயை வைத்துப் பற்றவைக்கும் ரீல்ஸ் பார்த்திருப்பீர்கள். கடைசியில் குழாயைப் பிரித்துக் காட்டுகிறார்களே, அது குறும்பி இல்லை, எரிந்த மெழுகு.

சென்னை மாதிரி புழுக்கமான ஊரில் இன்னொரு தொல்லை பூஞ்சை. காது ஈரமாகவே இருந்து, அதை விடாமல் குடைந்தால், குறும்பியின் பாதுகாப்பு போய்விடும். பூஞ்சை குடியேறும். அரிப்பு, அடைப்பு, கசிவு வரும். அரிக்கிறதே என்று மறுபடி குடைவோம், இன்னும் மோசமாகும். குளித்த பிறகு தலையைச் சாய்த்துத் தண்ணீரை வடியவிட்டு, வெளிக்காதை மட்டும் துடையுங்கள். இயர்பட்ஸ் நுனியை அடிக்கடி துடைத்துக் காயவையுங்கள். அடுத்தவருக்குக் கடன் கொடுக்காதீர்கள்.

மூக்குக்கும் இதில் பங்கு உண்டு

மூக்கின் பின்பக்கத்திலிருந்து நடுக்காதுக்கு ஒரு குழாய் போகிறது. சளி பிடித்தால் அது வீங்கி அடைத்துக்கொள்ளும், காதும் அடைக்கும். மூக்கைச் சிந்தும்போது இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு பலமாகச் சிந்தாதீர்கள். ஒரு பக்கமாக, மெதுவாக. விமானம் இறங்கும்போது எச்சில் விழுங்குங்கள், சூயிங்கம் மெல்லுங்கள், அந்தக் குழாய் திறக்கும். மூக்கடைப்புச் சொட்டு மருந்தை ஐந்து நாளுக்கு மேல் தொடராதீர்கள். தொடர்ந்தால் அந்த மருந்தே மூக்கை அடைக்க ஆரம்பித்துவிடும்.

சத்தக் கணக்கு

ஆரம்பத்தில் சத்தத்தைக் குறைக்கச் சொன்னேன். உள்காதில் ஒலியை வாங்கும் நுண்ணிய முடிச் செல்கள், ஒரு காதுக்குச் சுமார் 15,000 இருக்கின்றன. மனிதர்களுக்கு அவை செத்தால் மறுபடி முளைப்பதில்லை. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு, 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம். 90 டெசிபல் என்றால் 4 மணி நேரம்தான். பத்து டெசிபல் ஏறினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்கு ஏறுகிறது, நேரம் பத்தில் ஒன்றாகிறது. 100 டெசிபலில் வாரத்துக்கு அரை மணி நேரம்கூட இல்லை.

ட்ரெய்னிலும் பஸ்ஸிலும் வெளிச் சத்தத்தை ஜெயிக்கத்தான் நாம் வால்யூமை ஏற்றுகிறோம். வெளி இரைச்சலைக் குறைக்கும் ஹெட்போன் இருந்தால், அந்தப் போட்டி தேவையில்லை. கச்சேரி முடிந்து வந்து காதில் "ஙொய்ங்" என்று கேட்டால், அது காது கொடுக்கும் புகார்.

கடைசியாக

வலி இல்லாமல், காரணம் தெரியாமல், ஒரு காது திடீரென்று மந்தமானால் அன்றைக்கே காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை என்றால் அவசரப் பிரிவுக்குப் போங்கள். "நேத்து வரைக்கும் நல்லா கேட்டுச்சு, இன்னைக்குக் கேக்கலை" என்று அந்த வார்த்தைகளிலேயே சொல்லுங்கள். தலைசுற்றலோ புதிதாக இரைச்சலோ சேர்ந்தால் இன்னும் அவசரம். கூடவே முகம் கோணினாலோ, பேச்சு குழறினாலோ, கை கால் மரத்தாலோ நேராக 108. குறும்பியாக இருந்தால் பத்து நிமிஷத்தில் எடுத்துவிட்டுச் சிரித்து அனுப்புவார்கள், அவ்வளவுதான் நஷ்டம்.

போன வாரம் அதே பக்கத்து சீட் நண்பன், "ஒரு காது கும்முனு இருக்கு மச்சி" என்றான். மீட்டிங்கிலிருந்து எழுப்பி மருத்துவரிடம் இழுத்துக்கொண்டு போனேன். குறும்பிதான். வெளியே வந்து என்னைத் திட்டினான். அவன் இடது பக்கம் நின்று திட்டியதால் பாதி எனக்குப் புரியவில்லை. ஆனாலும் சந்தோஷமாக இருந்தது.

அடுத்த எபிசோடில் பார்ப்போம். அதுவரைக்கும், சத்தம் கொஞ்சம் கம்மியாகவே இருக்கட்டும்.