ரோட்டுக்கு அடியில் புதைத்த ஓடைக்கு ஒரு மியூசியம்!

தென்கொரியா தலைநகர் சியோலில் சோங்கேசோன் என்ற ஓடைக்காகவே ஒரு மியூசியம் இருக்கிறது. 2005-ல் திறந்தார்கள். அனுமதி இலவசம்.

போருக்கு பிறகு பிழைப்பு தேடி வந்த ஏழைகள் இந்த ஓடைக்கரையில் பலகை குடிசை போட்டு வாழ்ந்தனர். ஓடை சாக்கடையாகி நாறியது. 1958-ல் கான்கிரீட் போட்டு மூட ஆரம்பித்தார்கள். குடிசைகளும் காலி. அப்புறம் மேலே மேம்பாலமும் வந்தது. இந்த கதை எல்லாம் மியூசியத்தில் போட்டோவாக, மாடலாக இருக்கிறது.

2003-ல் மேயர் லீ மியுங் பாக் மேம்பாலத்தை இடிக்க ஆரம்பித்தார். 2005 அக்டோபரில் 5.8 கிலோ மீட்டர் ஓடை வெளியே வந்தது. ஆனால் ஓடுவது ஊற்று தண்ணீர் என்று நினைக்காதீங்க. பெரும்பகுதி ஹான் ஆற்றில் இருந்து மோட்டார் போட்டு இறைப்பது தான்!

அங்கே கடை போட்டிருந்த பிளாட்பார வியாபாரிகள் போராடியும் பலன் இல்லை. பலரை பழைய ஸ்டேடியத்துக்கு மாற்றினர். அந்த ஸ்டேடியத்தையும் இடித்ததால் 2008-ல் மறுபடி மூட்டை கட்டினார்கள்.