போத்தலில் ஒரு சிவப்புக் குறி: நல்ல உணவுக்கு யார் பொறுப்பு?

உணவே மருந்து என்றார்கள் எமது முன்னோர். இன்றோ உணவே நோயாக மாறிவிட்டதோ என்று அஞ்சும் நிலையில் நாம் வாழ்கின்றோம். 2005, 2006 ஆம் ஆண்டுகளில் இலங்கையில் நடத்தப்பட்ட ஆய்வொன்று, வளர்ந்தோரில் ஐவரில் ஒருவருக்கு நீரிழிவோ அதற்கு முந்திய நிலையோ இருப்பதைக் கண்டறிந்தது. வசதி படைத்தோரின் நோய் என்று முன்பு பேசப்பட்ட இது, இன்று வெள்ளவத்தை மாடிக் குடியிருப்புகளிலும் கொட்டாஞ்சேனைத் தோட்டங்களிலும் பேதமின்றிப் புகுந்துவிட்டது.

"வாயைக் கட்டத் தெரியாதா?" என்று நோயுற்றவரைக் கேட்பது எளிது. ஆனால் யுத்தத்தினால் பாதிக்கப்பட்ட எமது பெண்களின் வாழ்க்கையைச் சற்றுக் கவனியுங்கள். யுத்த காலத்தில் வடக்கு கிழக்கிலிருந்து இடம்பெயர்ந்து கொழும்பு லொட்ஜ் அறைகளில் மாதக்கணக்கில் தங்கியவர்கள் பலர். அடுப்பு மூட்ட இடமில்லாத அந்த அறைகளில் கடைப் பார்சலும் பாணுமே பிள்ளைகளின் சாப்பாடாயின. இன்றும், குடும்பப் பாரத்தைத் தனியே தாங்கும் பெண் விடியற்காலையிலேயே வேலைக்குப் புறப்பட வேண்டியிருக்கிறது. குரக்கன் புட்டும் முருங்கையிலைச் சொதியும் உண்டு வளர்ந்த அவளுக்குச் சத்தான உணவு எது என்று யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. அவளிடம் இல்லாதவை நேரமும் பணமுமே.

ஆகவே நல்ல உணவு என்பது தனிமனிதரின் மனவுறுதியை மட்டும் பொறுத்த விடயமல்ல. கடையில் என்ன இருக்கிறது, அது என்ன விலை என்பவற்றைத் தீர்மானிக்கும் அரசாங்கத்துக்கும் உணவுக் கம்பனிகளுக்கும் இதில் பெரும் பொறுப்பு உண்டு.

உப்பு தரும் பாடம்

இதற்கு எமது நாட்டிலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. அயடீன் குறைபாட்டினால் தொண்டைக் கழலை ஏற்படுவதோடு, கருவிலுள்ள குழந்தையின் மூளை வளர்ச்சியும் பாதிக்கப்படுகிறது. இதைத் தடுப்பதற்காக, மனிதர் உண்ணும் உப்பில் அயடீன் சேர்க்கப்பட வேண்டும் என 1995 இல் இலங்கையில் சட்டம் கொண்டுவரப்பட்டது. உப்பு உற்பத்தியாளர்கள் அதன்படி செய்தார்கள். எந்தத் தாயும் தனியாக எதையும் தேடி வாங்க வேண்டியிருக்கவில்லை. வழமையாக வாங்கும் உப்புப் பக்கற்றிலேயே பாதுகாப்பு வீட்டுக்கு வந்து சேர்ந்தது.

மூன்று நிறங்கள்

சீனியின் விடயம் இத்தனை சுலபமல்ல. 2016 ஓகஸ்ட் முதலாந் திகதி தொடக்கம் மென்பானப் போத்தல்களில் சீனியின் அளவைக் காட்டும் நிறக்குறி கட்டாயமாக்கப்பட்டது. 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு, 2 முதல் 11 கிராம் வரை மஞ்சள், 2 கிராமுக்குக் குறைந்தால் பச்சை என்று அந்த விதி வகுத்தது. 2019 இல் திண்ம உணவுகளுக்கும் சீனி, உப்பு, கொழுப்பு ஆகிய மூன்றுக்கும் நிறக்குறிகள் விதிக்கப்பட்டன.

எழுத வாசிக்கத் தெரியாதவரும் வீதிச் சமிக்ஞை விளக்கைப் போல் இதைப் புரிந்துகொள்ளலாம் என்பதே இதன் சிறப்பு. ஆனாலும் மஞ்சள் என்றதும் ஏமாந்துவிடக் கூடாது. 100 மில்லிலீற்றரில் 10 கிராம் சீனியுள்ள பானமும் மஞ்சள்தான். அதில் 400 மில்லிலீற்றர் போத்தலொன்றைக் குடித்தால் 40 கிராம், அதாவது எட்டுத் தேக்கரண்டிக்கு மேல் சீனி உடலில் சேர்கிறது. வளர்ந்த ஒருவர் நாளொன்றுக்கு இவ்வாறான சீனியை 50 கிராமுக்குள் வைத்துக்கொள்ள வேண்டும், 25 கிராமுக்குள் என்றால் மேலும் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. சிறுவருக்கு அளவு இதனிலும் குறைவு.

மகளிர் குழுக் கூட்டமொன்றில் வெற்றுப் போத்தல்களை வைத்து இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டி, சீனியைக் கரண்டி கரண்டியாகக் கோப்பையில் அள்ளிப் போட்டோம். ஒரு தாய் அதைப் பார்த்துவிட்டு, "இவ்வளவையும் தேத்தண்ணிக்குள்ள போட்டுத் தந்தா என்ர பிள்ளை துப்பிப்போடும், மிஸ்" என்றார். குளிரும் வாயுவும் புளிப்பும் சேரும்போது சீனியின் உண்மையான அளவை நாக்கு உணர்வதில்லை என்பதை அவர் ஒரே வசனத்தில் சொல்லிவிட்டார்.

வரி விதித்தால் போதுமா?

2017 நவம்பரில் அரசாங்கம் மென்பானங்களிலுள்ள ஒவ்வொரு கிராம் சீனிக்கும் 50 சதம் வரி விதித்தது. 40 கிராம் சீனியுள்ள போத்தலுக்கு இது 20 ரூபா. சீனி குறைந்தால் வரியும் குறையும் என்பதால் கம்பனிகள் சீனியைக் குறைத்து, மாற்று இனிப்புகளைச் சேர்க்கத் தொடங்கின. புத்திமதியால் நடக்காதது வரியால் நடந்தது. எனினும் பின்னர் அந்த வரி குறைக்கப்பட்டது. இத்தகைய வரி நிலைத்து நிற்க வேண்டுமானால், அதைக் கேட்டு நிற்கும் மக்கள் குரலும் வேண்டும்.

இங்கே இன்னொரு கேள்வியும் எழுகிறது. கெட்டதன் விலையைக் கூட்டிவிட்டு நல்லதன் விலையைக் குறைக்காவிட்டால் ஏழைப் பெண்ணுக்கு என்ன பயன்? 2022 செப்டெம்பரில் கொழும்பில் உணவு விலைகள் முந்திய ஆண்டைவிட ஏறத்தாழ 95 வீதத்தால் உயர்ந்திருந்தன. முட்டையும் மீனும் பருப்பும் எட்டாத பொருட்களான அந்நாட்களில் நிறக்குறிகளால் யாருடைய பசியும் ஆறவில்லை. 1973 முதல் தாய்மாருக்கும் எடை குறைந்த குழந்தைகளுக்கும் வழங்கப்பட்டுவந்த திரிபோஷாவும் அக்காலத்தில் ஒழுங்காகக் கிடைக்கவில்லை. சீனி வரியால் வரும் பணத்தில் ஒரு பகுதியேனும் இத்தகைய சத்துணவுக்கும் பாடசாலை மதிய உணவுக்கும் ஒதுக்கப்பட வேண்டும் என்று கேட்பது எமது உரிமையாகும்.

பெண்களின் கையில் ஒரு வழி

விவசாயத் திணைக்களத்தின் ஆதரவுடன் நாட்டின் பல பகுதிகளில் பெண்கள் பாரம்பரிய உணவகங்களை நடத்துகிறார்கள். தெற்கில் 'ஹெல போஜுன்' என்றும் வடக்கில் 'அம்மாச்சி' என்றும் இவை அழைக்கப்படுகின்றன. யாழ்ப்பாணம் திருநெல்வேலியிலுள்ள அம்மாச்சி உணவகம் பலரும் அறிந்தது. உள்ளூர்த் தானியங்களிலும் இலைவகைகளிலும் செய்த பண்டங்கள் அங்கே நியாய விலைக்குக் கிடைக்கின்றன. உண்பவருக்கு ஆரோக்கியம், சமைக்கும் பெண்ணுக்கு வருமானம். அரசாங்கம் இடமும் பயிற்சியும் கொடுத்தால் பெண்களின் கைத்திறன் மீதியைப் பார்த்துக்கொள்ளும் என்பதற்கு இது சான்று. கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் இடியப்பமும் பிட்டும் அவித்து விற்கும் சகோதரிகளுக்கும் இத்தகைய வசதி கிடைத்தால் எத்தனை குடும்பங்கள் தலைநிமிரும்!

நாம் செய்யக்கூடியவை

* பொருள் வாங்கும்போது நிறக்குறியைப் பாருங்கள். பிள்ளைகளுக்கும் பார்க்கப் பழக்குங்கள்.
* இருக்க வேண்டிய குறி இல்லாவிட்டால், உங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலுள்ள பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் அறிவியுங்கள்.
* பெற்றோர் கூட்டத்தில் பாடசாலைச் சிற்றுண்டிச்சாலையில் என்ன விற்கிறார்கள் என்று கேளுங்கள். கடலை, சோளம், பயறு, பழம் விற்கச் சொல்லுங்கள்.
* திரிபோஷா கிடைக்க வேண்டிய தாய்மார், கிடைக்காத மாதத்தில் குடும்பநல உத்தியோகத்தரிடம் காரணம் கேளுங்கள்.

தனியொரு தாய் கேட்டால் "கடையில் உள்ளதைத்தானே விற்கலாம்" என்பார்கள். பத்துத் தாய்மார் சேர்ந்து கேட்டால் கடையில் வேறு பொருள் வரும். யுத்தத்திலும் இடப்பெயர்விலும் பிள்ளைகளைப் பட்டினியிலிருந்து காத்தவர்கள் நாம். இன்று அவர்களை நோயிலிருந்து காக்கும் பொறுப்பை நாம் ஏற்போம். அரசாங்கமும் கம்பனிகளும் தமது பொறுப்பை ஏற்கும்வரை ஒன்றுசேர்ந்து கேட்டுக்கொண்டே இருப்போம்.