கறுப்பு வெளிறுவது எதனால்? ரிவர்சல் வண்ணப் படச்சுருளில் புஷ், புல் முறைகள்

1970களின் இடைப்பகுதியிலிருந்து அமெரிக்கத் தொலைக்காட்சிச் செய்திப் படப்பிடிப்பில் கோடாக் நிறுவனத்தின் எக்டாகுரோம் 'வீடியோ நியூஸ்' வகை 16 மி.மீ. சுருள்கள் பெரிதும் பயன்பட்டன. காப்பகங்களில் அவற்றைக் காண்போர், கறுப்பு சாம்பலாய் வெளிறியிருப்பின் சாயம் மங்கிவிட்டது என முடிவுசெய்ய இடமுண்டு. எனினும், வெளிறல் படம் பதனிடப்பட்ட நாளிலேயே நேர்ந்ததாகவும் இருக்கலாம். இவ்வேறுபாட்டை அறியாமல் செய்யப்படும் நிறத்திருத்தம், மூலத்தில் என்றும் இல்லாத கறுப்பைப் புதிதாகப் படைத்துவிடும்.

ரிவர்சல் சுருளில் பதனிடுதல் இரு கட்டங்களாக நிகழ்கிறது. முதல் டெவலப்பர், ஒளிபட்ட வெள்ளி ஹாலைடை மட்டும் வெள்ளியாக்குகிறது. இக்கட்டத்தில் சாயம் தோன்றுவதில்லை. எஞ்சிய ஹாலைடை வண்ண டெவலப்பர் மாற்றும்போதே சாயம் உருவாகிறது. பின்னர் வெள்ளி முழுவதும் நீக்கப்படுகிறது. ஆகவே, முதல் டெவலப்பர் எவ்வளவு மிகுதியாகச் செயல்படுகிறதோ அவ்வளவுக்குச் சாயம் குறைந்து படம் வெளிச்சமாகிறது. வண்ண டெவலப்பரின் நேரத்தை நீட்டுவதே புஷ் என்று எண்ணுவது பிழை.

இன்றைய எக்டாகுரோம் 100டி சுருளுக்குரிய ஈ-6 முறையில், முதல் டெவலப்பரின் வழக்கமான நேரம் 38 பாகை செல்சியசில் 6 நிமிடம். ஒரு ஸ்டாப் குறைவாக ஒளியேற்றிய சுருளை ஏறத்தாழ 8 நிமிடம் வைப்பர். செய்தியாளர்க்கு இது இன்றியமையாததாயிற்று: 400 வேகமுடைய 7250 சுருளை இரவு நிகழ்ச்சிகளில் 800 எனக் கொண்டு படமெடுக்க முடிந்தது. ஆயினும் நிழற்பகுதியில் பதியாத விவரத்தை எந்த டெவலப்பரும் தருவதில்லை. நேரம் நீளும்போது ஒளியே படாத படிகங்களிலும் சில வெள்ளியாகிவிடுகின்றன. விளைவாக உச்ச அடர்த்தி சரிகிறது, துகள் பருக்கிறது. மூன்று அடுக்குகளும் ஒரே அளவில் மாறாமையால் நிறச்சமநிலையும் பிறழலாம்.

புல் இதற்கு எதிர். மிகையொளியேற்றத்தைச் சரிக்கட்ட நேரம் குறைக்கப்படுகிறது. மிகுந்தால் வெண்மையிலும் சாயம் தங்கி அழுக்கேறியது போலாகும்.

சாய மங்கலையும் புஷ்ஷையும் பிரித்தறியச் சட்டகத்திற்கு வெளியே, துளைகளை ஒட்டிய ஒளிபடாத விளிம்பு உதவும். அது சுருள் அடையக்கூடிய முழுக்கறுப்பைக் காட்டுவது. இரு காரணங்களாலும் அது வெளிறும் என்பதால், ஒரு துண்டை மட்டும் அளந்து முடிவுகட்ட இயலாது. செய்திப்படங்களோ பெரும்பாலும் மூலச்சுருளையே வெட்டி ஒட்டித் தொகுக்கப்பட்டவை. ஒரே பெட்டியில் ஒன்றாகவே முதுமையடைந்த அடுத்தடுத்த துண்டுகளின் விளிம்பு அடர்த்தி, ஒட்டுமிடத்தில் திடீரென மாறினால், காலத்தைவிடப் பதனிடுதலையே முதலில் ஐயுற வேண்டும். அதற்குமுன் இரண்டும் ஒரே வகைச் சுருள்தானா என்பதை விளிம்பெழுத்தால் உறுதிசெய்தல் வேண்டும்; 7240, 7250 இரண்டின் கறுப்பையும் நேரடியாக ஒப்பிடுவது பொருந்தாது.