லயத்துப் பிள்ளைகளின் பற்களுக்குப் பொறுப்பு யார்?

பிள்ளையின் பல் சூத்தையாகிவிட்டால், 'தாய் ஒழுங்காகப் பல் துலக்கிவிடவில்லை' என்று கூறி விடயத்தை முடித்துக்கொள்வது நமது சமூகத்தில் வழக்கமாகிவிட்டது. ஆனால், ஒரு பிள்ளையின் பல் உறுதியாக இருப்பதும் உதிர்ந்துபோவதும் பற்தூரிகை அதன் வாய்க்குள் செல்வதற்கு முன்னரே பெரும்பாலும் தீர்மானிக்கப்பட்டு விடுகின்றது. வட்டவளைக்கும் ஹட்டனுக்கும் இடையே புகையிரதப் பாதையோரம் அமைந்துள்ள றொசல்ல போன்ற தேயிலைத் தோட்டப் பகுதிகளை முன்வைத்து இதனை ஆராய்வது பொருத்தமானதாகும்.

பல்லின் வெளிப்புறத்தை மூடியுள்ள எனாமல், பாடநூல்கள் மிளிரி எனக் குறிப்பிடும் படையாகும். மனித உடலில் மிகவும் கடினமான பொருள் இதுவே. எலும்பு முறிந்தால் மீண்டும் வளரும், எனாமல் வளராது. அதனை உருவாக்கும் உயிரணுக்கள், பல் முளைத்ததும் அழிந்துவிடுகின்றன. பாற்பற்களின் எனாமல் தாயின் வயிற்றில், நான்காம் மாதமளவில் உருவாகத் தொடங்குகின்றது. ஆறு வயதில் முளைக்கும் முதலாவது நிரந்தரக் கடைவாய்ப் பல்லின் எனாமலோ, பிறப்பை அண்டிய காலத்தில் தொடங்கி மூன்று வயதளவில் உருவாகி முடிகின்றது. இக்காலப்பகுதியில் தாய்க்கோ சேய்க்கோ ஏற்படும் போஷாக்கின்மை, குறைமாதப் பிறப்பு, கடும் காய்ச்சல் ஆகியன எனாமலை மெல்லியதாகவும் குழி விழுந்ததாகவும் ஆக்கக்கூடும்.

இங்கேதான் சமூக நிலைமை குறுக்கிடுகின்றது. 2016 ஆம் ஆண்டின் குடித்தொகை மற்றும் சுகாதார ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமற்றோர் நாடளாவிய ரீதியில் 100 க்கு 17 பேர். தோட்டப்புறத்திலோ 32 பேர். உடல் வளர்ச்சியைக் குன்றச் செய்யும் அதே வறுமை பல்லின் வளர்ச்சியையும் தொடாமல் விடுவதில்லை. கர்ப்பிணித் தாய்க்கு வழங்கப்படும் திரிபோஷ முழுக் குடும்பத்துக்கும் பங்கிடப்படும் வீட்டில், பிறக்கவிருக்கும் பிள்ளையின் பல்லும் அந்தப் பங்கீட்டில் இழப்பைச் சந்திக்கின்றது.

அடுத்தது சீனி. வாயிலுள்ள கிருமிகள் சீனியை அமிலமாக மாற்றுகின்றன. ஒவ்வொரு முறை இனிப்பு உட்கொண்ட பின்னரும் ஏறத்தாழ அரை மணி நேரம் அந்த அமிலம் எனாமலைக் கரைக்கின்றது. பின்னர் உமிழ்நீர் இழந்த தாதுக்களை ஓரளவு மீட்டுத் தருகின்றது. ஆகவே எவ்வளவு இனிப்பு என்பதைப் போலவே எத்தனை தடவை என்பதும் முக்கியமாகும். தீபாவளிப் பலகாரத்தையும் பெருநாள் வட்டிலப்பத்தையும் நாம் குறைகூற வேண்டியதில்லை. காலையில் சீனி போட்ட தேநீர், பத்து மணிக்கு பிஸ்கட், மாலையில் டொபி, படுக்கும்போது சீனி கலந்த பாற்போத்தல் என்று நாள் முழுவதும் தொடரும் வழக்கமே ஆபத்தானது. உறக்கத்தில் உமிழ்நீர் சுரப்பது குறைவதால் இறுதியாகக் கூறியது மிகவும் கெடுதியானது.

மலையகத்திலேயே இதற்கு ஒரு சான்று உண்டு. நோர்வே நாட்டுப் பல் மருத்துவ அறிஞர் ஹரால்ட் லோ தலைமையிலான குழுவினர், 1970 ஆம் ஆண்டு முதல் 1985 வரை இலங்கைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் 480 பேரின் வாய்ச் சுகாதாரத்தை ஆராய்ந்தனர். அவர்கள் பற்தூரிகை பயன்படுத்தியவர்கள் அல்லர். ஏறக்குறைய அனைவரதும் முரசு வீங்கியிருந்தது. முரசு நோயால் பலர் பற்களை இழந்தனர். எனினும் அவர்களிடையே பற்சூத்தை ஏறத்தாழ இல்லையென்றே கூறலாம். அந்தத் தலைமுறையின் பேரப்பிள்ளைகளிடம் இன்று பற்தூரிகை இருக்கின்றது. கூடவே பக்கத்துக் கடையில் தொங்கும் இனிப்புப் பொதிகளும் இருக்கின்றன. 2015-16 ஆம் ஆண்டின் தேசிய வாய்ச் சுகாதார ஆய்வில், ஐந்து வயதுப் பிள்ளைகளில் 100 க்கு 60 பேருக்கு மேல் பற்சூத்தை உடையோராகக் காணப்பட்டமை கவனத்திற்குரியது.

இதற்குத் தாயை மட்டும் குறைகூறுவது நியாயமாகுமா? அவள் விடிந்ததும் மலையேறிக் கொழுந்து பறிக்கச் செல்கின்றாள். பிள்ளை பாட்டியிடமோ பிள்ளை மடுவத்திலோ விடப்படுகின்றது. அழுகின்ற பிள்ளைக்கு டொபி கொடுப்பது பாட்டியின் அன்பு. சம்பள நாளில் பிஸ்கட் பொதியுடன் வருவது தந்தையின் அன்பு. பல் வலிக்குப் பிள்ளையை ஹட்டனுக்கு அழைத்துச் சென்றால் அன்றைய பேர் விழாது. ஆதலால், 'விழப்போகும் பாற்பல்தானே' என்று வலி முற்றும்வரை காத்திருக்கின்றனர். ஆறு வயதில் பாற்பற்களுக்குப் பின்னால் முளைக்கும் கடைவாய்ப் பல்லையும் பாற்பல் என்றே பலர் எண்ணிவிடுகின்றனர். அது விழுந்து மீண்டும் முளைக்கும் பல் அல்ல; வாழ்நாள் முழுவதற்கும் உரிய பல்லாகும்.

குடும்பங்கள் செய்யக்கூடியவை செலவு மிக்கவை அல்ல. இனிப்பை உணவு வேளையோடு மட்டுப்படுத்துதல், இரவில் பாற்போத்தலைத் தவிர்த்தல், பிள்ளையின் தேநீரில் சீனியைப் படிப்படியாகக் குறைத்தல் ஆகியன எவராலும் இயலும். வேப்பங்குச்சியும் மிஸ்வாக்கும் நம் முன்னோர் போற்றிய தூய்மையின் அடையாளங்கள். ஆனால் கரியும் செங்கல் தூளும் எனாமலைத் தேய்த்துவிடும். மலையக நீரில் புளோரைட்டு குறைவாதலால், புளோரைட்டு அடங்கிய பற்பசை இங்கு கூடுதல் அவசியமாகின்றது. மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு ஓர் அரிசியளவும், அதன் பின்னர் ஒரு பட்டாணியளவும் போதுமானது. இரவில் பெரியவர் ஒருவரே, அது தந்தையாயினும், பிள்ளையின் பல்லைத் துலக்கிவிட வேண்டும்.

எஞ்சிய பொறுப்பு குடும்பத்துக்கு வெளியே உள்ளது. பாடசாலைப் பற்சிகிச்சைச் சேவை தோட்டப் பாடசாலைகளைத் தவறாது சென்றடைய வேண்டும். பிள்ளை மடுவங்களில் மதிய உணவின் பின் பல் துலக்குவது அன்றாட ஒழுங்காக வேண்டும். நடமாடும் பற்சிகிச்சை நிலையங்கள் வேலை நேரத்துக்குப் பின்னர் தோட்டத்துக்கே வருமாயின், எந்தத் தாயும் பிள்ளையின் பல்லுக்கும் அன்றைய கூலிக்கும் இடையே ஒன்றைத் தெரிவுசெய்ய வேண்டியிராது. நிர்வாகங்களும் தொழிற்சங்கங்களும் சம்பளத்தோடு இதனையும் பேச்சுவார்த்தை மேசைக்குக் கொண்டுவர வேண்டும் என நாம் வலியுறுத்துகின்றோம். கரைந்துபோன எனாமலை எந்த மருத்துவராலும் மீண்டும் வளரச் செய்ய முடியாது. காப்பதற்குக் கிடைக்கும் காலம் பிள்ளையின் முதல் சில ஆண்டுகள் மட்டுமே.