அடிக்குப் பிள்ளைகள் சொல்லும் காரணம்

மாத்தூர் எம்.எம்.டி.ஏ. பகுதியில் பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகளிடம் "காதலிக்கிறவன் ஏன் அடிக்கிறான்?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் உடனே வரும். அவனுக்குப் பொசசிவ் ஜாஸ்தி. கஞ்சா. இவள் வேறு யாரோடோ பேசியிருப்பாள். பையன்கள் இன்னொன்றும் சொல்வார்கள்: கோபம் வந்தால் கை தானாக நீண்டுவிடுகிறதாம். பி.டி. வாத்தியார் திட்டும்போது அந்தக் கை ஏன் நீளுவதில்லை என்று கேட்டால் சிரிப்பார்கள்.

இவற்றை அவர்களாகக் கண்டுபிடிக்கவில்லை. தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றில் (2019-21) தமிழ்நாட்டில் மணமான பெண்களில் சுமார் 38 விழுக்காட்டினர் கணவனின் வன்முறைக்கு ஆளானதாகச் சொல்லியிருக்கிறார்கள். அம்மா அடிபட்டதற்கு வீட்டில் சொன்ன காரணம்தான் மகளின் வாயில் 'பொசசிவ்' ஆகிறது. போன் பாஸ்வேர்டைக் கேட்பதும் டி.பி.யை மாற்றச் சொல்வதும் அவளுக்கு அக்கறையாகத் தெரிகின்றன. பெரியவர்கள் மட்டும் வேறா? 2022 அக்டோபர் 13 அன்று பரங்கிமலை ரயில் நிலையத்தில் ஒரு கல்லூரி மாணவி ரயில் முன் தள்ளிக் கொல்லப்பட்டார். அந்த இளைஞன் மீது முன்பே போலீசில் புகார் இருந்தது. இருந்தும் பலர் அதைக் 'காதல் விவகாரம்' என்றுதான் பேசினார்கள்.

பிள்ளைகள் சொல்லாத காரணம் ஒன்று உண்டு. அகமணம்தான் சாதியின் உயிர்நாடி என்று அம்பேத்கர் 1916இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வாசித்த கட்டுரையில் விளக்கினார். அகமணத்தைக் காக்கப் பெண் மீது காவல் போடுகிறார்கள். காவல் இருப்பதால் காதல் ரகசியமாகிறது. அந்த ரகசியம் பையன் கையில் ஆயுதமாகிறது: "உங்க வீட்ல சொல்லிடுவேன்." அடி வாங்கியதைச் சொல்ல வேண்டுமானால் அவள் முதலில் காதலிப்பதைச் சொல்லியாக வேண்டும். சொன்னால் படிப்பு நிற்கும், அவசரக் கல்யாணம் நடக்கும். போக்சோ சட்டத்தில் 18 வயதுக்குக் கீழ் சம்மதம் செல்லாது என்பதால், அடிக்காத பையன்கூடச் சிறைக்குப் போகலாம். அதற்கும் பயந்து வாய் மூடுகிறாள்.

நமக்கும் ஒரு தயக்கம் இருக்கிறது. 2012 நவம்பர் 7 அன்று தருமபுரி நத்தம் காலனியைக் கொளுத்தினார்கள். அந்த நாட்களில்தான் 'நாடகக் காதல்' என்ற அவதூறை நம் பையன்கள் மீது பரப்பினார்கள். அதை எதிர்த்து நின்றோம், இன்னும் நிற்போம். ஆனால் எதிரி பயன்படுத்திக்கொள்வான் என்று நம் பையன் கை ஓங்கியதைப் பேசாமல் விட்டால், அடி விழுவது நம் பெண்கள் மீதுதான்.

1098, 181 எண்களைச் சுவரில் எழுதலாம். அதற்கு முன், "நீ எதுக்கு லவ் பண்ண?" என்று ஆரம்பிக்காமல் கேட்கும் ஒரு அக்கா நம் ஒவ்வொரு படிப்பகத்திலும் வேண்டும்.