சீட்டு யுஸ்துவுக்கு விழவில்லை

கொள்கலன் தளங்களும் மோட்டார் வாகனப் பொறியியல் பயிற்சி நிறுவகமும் அமைந்துள்ள ஒருகொடவத்தையில், வேலை தேடும் பிள்ளை இல்லாத வீடுகள் குறைவு. அண்மையில் அத்தகைய ஓர் இல்லத்தைச் சந்திக்கச் சென்றேன். மகன் நேர்முகப் பரீட்சைக்குச் சென்றுவந்து ஒரு மாதம் கடந்திருந்தது. தாய் செவ்வாய்க்கிழமைதோறும் கொச்சிக்கடை புனித அந்தோனியார் திருத்தலத்தில் மெழுகுதிரி ஏற்றினார். தந்தை, யாரைப் பிடித்தால் காரியம் நடக்கும் என்று விசாரித்துக்கொண்டிருந்தார். மகனோ வேறெங்கும் விண்ணப்பிக்காமல் தொலைபேசியையே பார்த்திருந்தார். இறுதியில் வேலை வேறொருவருக்குக் கிடைத்தது. "கடவுளுக்கும் நான் வேண்டாதவன், பாதர்" என்றார் அவர். ஞாயிறு திருப்பலிக்கு வருவதையும் நிறுத்தியிருந்தார்.

அவருக்கு நான் யுஸ்துவின் கதையைச் சொன்னேன்.

யூதாசின் இடத்தை நிரப்ப, ஏறக்குறைய 120 பேர் கூடியிருந்த சபையில் இருவர் முன்னிறுத்தப்பட்டதைத் திருத்தூதர் பணிகள் நூலின் முதல் அதிகாரம் கூறுகிறது. ஒருவர் மத்தியா, மற்றவர் யுஸ்து எனப்பட்ட யோசேப்பு பர்சபா. யோவானின் திருமுழுக்குக் காலம் முதல் ஆண்டவரோடு இருந்தவராக வேண்டும் என்பதே பேதுரு குறிப்பிட்ட தகைமை. இருவருக்கும் அது இருந்தது. மன்றாடியபின் சீட்டுக் குலுக்கினார்கள்; அது மத்தியாவுக்கு விழுந்தது. யுஸ்துவிடம் குறை இருந்ததாக ஒரு சொல்லும் இல்லை. இருந்தது ஓர் இடம் மட்டுமே.

அன்பு இளையோரே, நேர்முகப் பரீட்சை முடிந்த அன்றிரவே, கேட்கப்பட்ட வினாக்களையும் தடுமாறிய இடங்களையும் எழுதி வையுங்கள். மறுநாள் நன்றி கூறிச் சுருக்கமாக ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். அவர்கள் கூறிய நாள்வரை பொறுத்திருந்து, பின்னர் ஒருமுறை பணிவாக விசாரியுங்கள். அதுவரை மற்ற விண்ணப்பங்களை நிறுத்தாதீர்கள். கிடைக்காவிடின், எதில் முன்னேற வேண்டும் என்று கேட்டறியுங்கள்.

பெற்றோரே, "என்ன ஆயிற்று?" என்று நாள்தோறும் கேட்டுப் பிள்ளையின் காயத்தைக் கிளறாதீர்கள். சிபாரிசாலும் பணத்தாலும் பெறும் இடம், இன்னொரு வீட்டுப் பிள்ளையிடமிருந்து பறித்த இடம். அந்தத் தாயும் அதே திருத்தலத்தில் மெழுகுதிரி ஏற்றியிருக்கலாம்.

யுஸ்து பின்னர் என்ன செய்தார் என விவிலியம் கூறவில்லை. ஆனால் 4ஆம் நூற்றாண்டின் திருச்சபை வரலாற்றாசிரியர் எவுசேபியுஸ், முன்னோரான பப்பியா எழுதிவைத்த செய்தியொன்றைக் குறிப்பிடுகிறார்: யுஸ்து கொடிய நஞ்சைக் குடித்தும், ஆண்டவரின் அருளால் அவருக்குத் தீங்கு நேரவில்லையாம்.

தெரிவு செய்யப்படாத கசப்பும் ஒரு நஞ்சே. அதை விழுங்க நேரிடலாம். அதனால் அழிந்துபோக வேண்டியதில்லை. பட்டியலில் பெயர் இல்லாதவரும் ஆண்டவரின் பந்தியில் இடமுள்ளவரே. அந்த இடத்தை வெறுமையாக விட்டுவிடாதீர்கள்.