இட்லி மாவில் பூரி!

இட்லிக்கு அரைத்த மாவில் பூரி சுட முடியுமா? அமெரிக்காவில் நெப்ராஸ்கா பல்கலைக்கழகக் கால்பந்துக் குழுவில் அந்த வேடிக்கைதான் நடந்தது!

அவர்களுடைய கால்பந்து வேறு. முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடலாம். கூட்டாளிக்கு வீசவும் செய்யலாம். நெப்ராஸ்காப் பிள்ளைகள் ஓட்டத்தில் சூரர்கள். பயிற்சியாளர் டாம் ஆஸ்போர்ன் 1973 முதல் 1997 வரை வளர்த்த வித்தை அது. அந்த 25 ஆண்டுகளில் ஓர் ஆண்டுகூட 9 வெற்றிக்குக் குறைந்ததில்லை.

அடுத்து வந்த பிராங்க் சோலிச்சும் அதே வழியில் போனார். 2003-ல் 12 ஆட்டங்களில் 9 வெற்றி. அப்படியும் போதாதென்று அவரை அனுப்பிவிட்டார்கள்!

வந்தார் பில் காலகன். தொழில்முறைக் குழு ஒன்றை இறுதிப் போட்டிவரை கொண்டுபோன கெட்டிக்காரர். ஓட்டத்தை ஓரங்கட்டிவிட்டு, பந்தை வீசும் ஆட்டத்தைப் புகுத்தினார். ஓடுவதற்கென்றே பொறுக்கியெடுத்த பிள்ளைகள் என்ன செய்வார்கள், பாவம்! 2004-ல் 5 வெற்றி, 6 தோல்வி. வெற்றியைத் தோல்வி மிஞ்சியது 1961-க்குப் பிறகு அதுவே முதல் தடவை. டெக்சாஸ் டெக் குழுவிடம் 70-10 என்று செம்மையாக உதை!

தம் ஆட்டத்துக்கேற்ற பிள்ளைகளைச் சேர்த்து 2006-ல் 9 வெற்றி கண்டார். ஆனால் 2007-ல் தடுப்பு ஆட்டம் அடியோடு சரிந்தது, வேலையும் போயிற்று. அவரை வீட்டுக்கு அனுப்பியவர் யார் தெரியுமா? விளையாட்டுத் துறை நிர்வாகியாகத் திரும்பி வந்திருந்த அதே ஆஸ்போர்ன்தான்!